ஈர்ப்பலையும் ஒளியின் நெறியும்
(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சபையில் வழக்கமாகப் பேசப்பெறுவன கல்வி நிதியும், கல்யாணச் செலவைக் குறைத்தலும், கைத்தொழில் அபிவிருத்தியுமே. அவற்றை விடுத்து, வானத்திற் பரவும் அலைகளைப் பற்றி யாம் பேசப் புகுந்தது எது கருதியோ எனச் சிலர் நினைத்தல் கூடும். சென்ற மாதம் நம் காரியதரிசி அவர்கள் எம்பால் வந்து, விடுதிப் பிள்ளைகள் சிலர் பௌதிக சாஸ்திரம் பயில விரும்புகின்றனர் என்றும், பெற்றோர்களோ அதனால் வரும் ஊதியம் யாது என்று தயங்குகின்றனர் என்றும், இரு திறத்தாரும் ஒருங்கே கேட்கத்தக்க ஒரு பிரசங்கம் வேண்டும் என்றும் பணித்தனர். ஊதியம் உண்டு என்று வழக்காடுவதினும், அத்துறையில் நிகழ்ந்துள்ள ஒரு வேலையை உள்ளவாறே எடுத்துக் காட்டுதல் நன்றெனத் துணிந்தோம். கேட்டபின் முடிவு செய்வது பெற்றோர் பொறுப்பு.

எடுத்துக்கொண்ட பொருள் இது: ஈர்ப்பலை எனப்படுவது ஒளி செல்லும் நெறியை என் செய்கின்றது? அதனை மனிதர் எவ்வாறு அறிந்தனர்?

ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்பது பள்ளிப் பாடம். ஆயினும் பெரும்பாரமுள்ள பொருளின் அருகே செல்லுங்கால் அக்கோடு சிறிது வளையும் என்று ஐன்ஸ்டீன் 1915-ஆம் ஆண்டு கணித்தார். சூரியனை ஒட்டி வரும் நக்ஷத்திர ஒளி 1.75 விகலை திரும்பும் என்பது அவர் கணக்கு. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலையாம். 1919-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி நிகழ்ந்த பூர்ண சூரிய கிரகணத்தின்போது, பிரேசில் தேசத்துச் சோப்ரால் என்னும் ஊரிலும், ஆப்பிரிக்காவின் மேல்கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிபி என்னும் தீவிலும் ஆங்கிலேய வான நூலார் முகாமிட்டுப் படம் பிடித்து, அக்கணக்கு பொருந்துதல் கண்டனர். இஃது எல்லோரும் கேட்டிருக்கும் கதையாதலின் இதனை விரித்திலோம்.

இனி, சூரியனைப் போல் ஓரிடத்தில் நிலைத்த பாரம் அன்றி, இரண்டு பெரும் பாரங்கள் ஒன்றையொன்று சுற்றி விரைந்து சுழலுமாயின் நிகழ்வது யாது? குளத்தில் இரு கைகளால் நீரைக் கலக்கினால் அலை எழுந்து கரை நோக்கிப் பரவுதல் போல, இடம் என்னும் வெளியிலேயே ஓர் அசைவு எழுந்து ஒளியின் வேகத்தில் நாற்புறமும் பரவும். இதுவே ஈர்ப்பலை. 1916-ஆம் ஆண்டு ஐன்ஸ்டீனே இதனைக் கணித்துச் சொன்னார்.

இவ்வலை செய்யும் காரியத்தைத் தாய்மார்கள் தம் கைவளையைக் கொண்டே அறியலாம். வளையலை முகத்துக்கு எதிரே வட்டமாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டால், முன்னிருந்து பின்னோக்கி அதனூடே செல்லும் ஈர்ப்பலை, வட்டத்தை மேல்கீழாக நீட்டிப் பக்கவாட்டில் ஒடுக்கும். அடுத்த அரைச்சுற்றில் பக்கவாட்டில் நீட்டி மேல்கீழாக ஒடுக்கும். அலை செல்லும் திசையில் மட்டும் நீட்டமும் இல்லை, ஒடுக்கமும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை அன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இதனாலேயே ஒரு பெரிய முடிச்சு அவிழப்போகின்றது.

நீட்டமும் ஒடுக்கமும் எவ்வளவு? மிகப் பலமான அலை பூமிக்கு வந்தாலும், 4 கிலோமீட்டர் நீளத்தில் ஏற்படும் மாறுதல், அணுவின் நடுவிலுள்ள புரோட்டான் என்னும் துகளின் குறுக்களவில் சில நூறில் ஒரு பங்கே. இத்துணைச் சிறிய பொருளைப் பற்றி ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. கணித்துச் சொன்ன ஐன்ஸ்டீனுக்கே ஐயம் எழுந்தது. 1936-ஆம் ஆண்டு அவரும் ரோசன் என்னும் இளைஞரும் சேர்ந்து, ஈர்ப்பலை உண்மையில் இல்லை என்று ஒரு கட்டுரை எழுதி, அமெரிக்காவின் பெரிய பௌதிகப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினர். பத்திரிகாசிரியர் அதனை ராபர்ட்சன் என்னும் கணித வல்லுநரிடம் பார்வைக்குக் கொடுக்க, அவர் பத்துப் பக்க அளவில் பிழை சுட்டி எழுதினார். தம் கட்டுரையைத் தம் அனுமதியின்றிப் பிறரிடம் காட்டியதற்காக ஐன்ஸ்டீன் சினந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றார். எனினும் கணக்கிலுள்ள பிழையைப் பின்னர் உணர்ந்து, முடிவை மாற்றி வேறொரு பத்திரிகையில் 1937-ஆம் ஆண்டு வெளியிட்டார். பெரியோர் வாக்கையும் சோதிக்கும் ஒரு முறை அங்கே இருந்ததனாலன்றோ அது திருந்தியது!

அடுத்து வந்தவர் ஜோசப் வெபர். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்துப் பேராசிரியராகிய அவர், பெரிய அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு, அவை ஈர்ப்பலையால் அதிர்ந்தன என்று 1969-ஆம் ஆண்டு அறிவித்தார். உலகெங்கும் ஆரவாரம் எழுந்தது. பல தேசத்தார் அவ்வாறே உருளைகள் செய்து காத்திருந்தனர். ஒருவருக்கும் ஒன்றும் புலப்படவில்லை. வெபர் தம் முடிவைக் கைவிடாமலே 2000-ஆம் ஆண்டு காலமானார். அவர் கண்டதாகக் கூறியதை இன்று எவரும் ஒப்புவதில்லை. ஆயினும் அவரைப் பரிகசித்தல் தகாது. முயன்று பார்க்கத்தக்க காரியம் இது என்று பிறரை எழுப்பியவர் அவரே.

1974-ஆம் ஆண்டு ஹல்ஸ், டெய்லர் என்னும் இருவர், ஒன்றையொன்று 7 மணி 45 நிமிஷத்துக்கு ஒரு முறை சுற்றும் இரட்டை நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டனர். அச்சுற்றுக் காலம் ஆண்டுதோறும் நொடியின் பத்து லட்சத்தில் 76 பங்கு குறைந்து வந்தது. ஈர்ப்பலையாக ஆற்றல் வெளியேறினால் எவ்வளவு குறையவேண்டுமோ அவ்வளவே குறைந்தது. வீட்டில் நெல் குறைவதைக் கொண்டு எலி உண்டென்று துணிவது போன்றது இது. எலியைக் கண்ணாற் கண்டதாகாது. இருவருக்கும் 1993-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

கண்ணாற் காணும் வகை ஒளியினால் வாய்த்தது. அமெரிக்காவில் ஹான்போர்டு, லிவிங்ஸ்டன் என்னும் இரண்டிடங்களில், ஒன்றற்கொன்று சுமார் 3,000 கிலோமீட்டர் தூரத்தில், 'லைகோ' என்னும் இரண்டு நிலையங்கள் உள. ஒவ்வொன்றிலும் 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்கள் செங்கோணமாக அமைந்துள்ளன. குழாய்களினின்றும் காற்று முற்றும் வாங்கப்பட்டது. ஒரு லேசர் கிரணத்தை இரண்டாகப் பிளந்து இரு குழாய்களிலும் செலுத்தி, கடைசியில் தொங்கும் 40 கிலோகிராம் எடையுள்ள கண்ணாடிகளால் திருப்பி, மீண்டும் ஒன்றுசேர்க்கின்றனர். சேருமிடத்தில் ஒன்றன் முகடும் மற்றொன்றன் பள்ளமும் பொருந்தி ஒளி அணைந்து இருளாகுமாறு முன்னமே அமைத்துள்ளனர். ஒரு குழாய் நீண்டு மற்றது குறுகினால் முகடும் பள்ளமும் சிறிது விலகும். இருளில் ஒளி கசியும்.

இவ்விடத்தில் நம் விடுதி மாணவர் ஒருவர் எம்மைக் கேட்ட வினாவைக் கூறாமல் மேற்செல்லுதல் நியாயமன்று. "ஐயா, துணியும் முழக்கோலும் சேர்ந்தே நீளுமாயின், துணி நீண்டது என்று எவ்வாறு அளந்தறிவது? குழாய் நீளுங்கால் அதனுள் இருக்கும் ஒளியலையும் அவ்வளவே நீளுமன்றோ? பின்பு வேறுபாடு எங்ஙனம் தெரியும்?" என்றார். பதினேழு வயதுப் பிள்ளை! இவ்வினா அறிஞர்களையும் மயக்கியதே. இதற்கு விடையாகவே 1997-ஆம் ஆண்டு சால்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் பௌதிக ஆசிரியர்களுக்கென்று ஒரு தனிக் கட்டுரை எழுதவேண்டி நேர்ந்தது.

விடை யாதெனில், அலை வந்த கணத்தில் குழாயினுள் இருந்த ஒளி நீளும் என்பது மெய்யே. ஆனால் அந்த ஒளி அங்கே தங்குவதில்லை. ஒளி 4 கிலோமீட்டர் சென்று திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 27 பங்கு போதும். பன்முறை சென்று மீளும்படி செய்தாலும் ஆயிரத்தில் சில பங்கிற்குள் வெளியேறிவிடும். நொடிக்கு 100 முறை அதிரும் ஈர்ப்பலை ஒரு முறை அதிர்வதற்கோ நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். ஆகவே பழைய ஒளி போய்ப் புதிய ஒளி ஓயாமற் புகுந்துகொண்டே இருக்கின்றது. புதிதாய் வரும் ஒளி, லேசர் விளக்கிலிருந்து பழைய இடைவெளியோடே புறப்படுகின்றது. அதன் வேகமும் மாறாது. செல்லவேண்டிய வழியோ நீண்டுள்ளது. எனவே நீண்ட குழாயிற் சென்றது தாமதித்து வரும். குறுகிய குழாயிற் சென்றது முந்தி வரும். இங்கே ஒளியை முழக்கோல் என்று கொள்ளாது, ஓட்டன் என்று கொள்ளல் வேண்டும். நீளத்தை அளப்பது ஒளியலையின் அகலம் அன்று. அது வந்து சேரும் காலம்.

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ஆம் தேதி, நம் நாட்டு நேரம் பிற்பகல் 3 மணி 20 நிமிஷத்துக்கு, அந்தக் கசிவு நிகழ்ந்தது. முதலில் லிவிங்ஸ்டனிலும், நொடியின் ஆயிரத்தில் 7 பங்கு கழித்து ஹான்போர்டிலும் ஒரே வடிவான அசைவு தோன்றியது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே அது நீடித்தது. சூரியனைப் போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் பாரமுள்ள இரண்டு கருந்துளைகள், நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், ஒன்றோடொன்று மோதிக் கலந்த செய்தி அது. கூட்டினால் 65 வரவேண்டும், எஞ்சியதோ 62. குறைந்த 3 சூரிய பாரமும் ஈர்ப்பலையாகப் பரவிற்று. கண்டவர்கள் உடனே பறையறைந்தார்களோ எனின், இல்லை. ஐந்து மாத காலம் தம் கருவியையும் கணக்கையும் தாமே குற்றங்கூறிச் சோதித்து, 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 11-ஆம் தேதிதான் அறிவித்தனர். வைஸ், பாரிஷ், தார்ன் என்னும் மூவருக்கு 2017-ஆம் ஆண்டு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இவர்களுள் வைஸ் இக்கருவியின் அமைப்பை விரிவாக எழுதி வைத்தது 1972-ஆம் ஆண்டு. இடையே 2002 முதல் 2010 வரை முதற்கருவி கேட்டுக் கேட்டு ஒன்றும் கேளாமலே கழிந்தது. பெற்றோர்கள் ஊதியத்தைப் பற்றிக் கேட்கும்பொழுது, இந்த ஆண்டுக் கணக்கையும் மறையாது சொல்லிவிடுதல் எம் கடமை.

இதுகாறும் கூறியது மனிதர் அமைத்த குழாயில் செல்லும் ஒளியைப் பற்றியது. நக்ஷத்திரங்களிலிருந்து தானே வரும் ஒளியின் செய்தி என்ன? அது கோடிக்கணக்கான ஆண்டுகள் வழிநடந்து வருகின்றது. வழியெல்லாம் ஈர்ப்பலைகள் குறுக்கிடும். ஒவ்வோரலையும் ஒரு சிறிது தள்ளுமாயின், குடித்தவன் நடை போலத் தள்ளாடித் தள்ளாடி, கடைசியில் பெரிய விலகல் சேராதோ? அப்படியானால் தூரத்து நக்ஷத்திரங்களின் உருவம் கலங்கித் தோன்றவேண்டுமே? இவ்வாறு அறிஞர் சிலர் எதிர்பார்த்தனர். சிறு துளி பெருவெள்ளம் என்று நாமும் அவ்வாறே எண்ணுவோம்.

நுணுகிக் கணித்தபோது அங்ஙனம் இல்லை என்று தெரிந்தது. 1966-ஆம் ஆண்டு சிபாய் என்பவர் இக்கணக்கை ஆராய்ந்தார். 1997-ஆம் ஆண்டு கைசரும் ஜாப்பேயும் இதனைத் தெளிவாக நிறுவினர். காரணம் முன்பு நினைவில் வைக்குமாறு வேண்டிய வாக்கியமே. ஒளியும் ஈர்ப்பலையும் ஒரே வேகத்தில் செல்வன. ஒளியை நெடுந்தூரம் விடாது தள்ளவேண்டுமாயின், அலை அதனோடு ஒரே திசையில் உடன்செல்லுதல் வேண்டும். ஆனால் தான் செல்லும் திசையில் ஈர்ப்பலைக்கு நீட்டும் சக்தி இல்லை என்றோமன்றோ? உடன்செல்லும் அலை தள்ளும் வலியற்றது. தள்ளும் வலியுள்ளதோ குறுக்கே செல்லும் அலை. அது முகட்டால் ஒருபுறமும் பள்ளத்தால் மறுபுறமும் தள்ளி, தன் வேலையைத் தானே அழித்துவிடுகின்றது. கூட்டிக் கழித்தால் எஞ்சுவன இரண்டு முனைகள் மட்டுமே: ஒளி புறப்பட்ட இடத்தில் அப்போது இருந்த அலை, ஒளி வந்து சேரும் பூமியில் இப்போது இருக்கும் அலை. வழிநடுவே நேர்ந்ததெல்லாம் வரவும் செலவும் ஒத்த கணக்காய் முடிகின்றது. ஆகவேதான் கோடி ஆண்டு பழமையான ஒளியும் கலங்காத உருவத்தோடு நம் கண்ணை வந்தடைகின்றது. எமக்கு இச்சாஸ்திரத்தில் மிகவும் பிடித்த முடிவு இதுவே. இரைச்சல் மிகுந்த சந்தையினூடே வந்த தூதன் ஒரு சொல்லும் மாறாமல் ஓலையைக் கொடுப்பது போன்றதன்றோ!

விலகல் சேரவில்லையே என்று ஆராய்ச்சியாளர் முதலில் வருந்தியிருக்கலாம். ஆயினும் இதனுள்ளே ஒரு நன்மை ஒளிந்திருந்தது. புறப்பட்ட முனையின் பாதிப்பு நக்ஷத்திரந்தோறும் வேறு வேறு. வந்து சேரும் முனையோ எல்லா ஒளிக்கும் பொது. அது நம் பூமி. பூமியை ஈர்ப்பலை அசைக்குமாயின், எல்லாத் திசையிலிருந்தும் வரும் கதிர்களும் ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டுச் சேர்ந்து அசைதல் வேண்டும். அந்த ஒழுங்கைத் தேடினால் போதும்.

தேடுவதற்கு ஏற்ற பொருள்களும் வானில் இருந்தன. பல்சார் எனப்படும் துடிப்பு நக்ஷத்திரங்களை 1967-ஆம் ஆண்டு ஜோசலின் பெல் என்னும் மாணவி கண்டார். அவற்றுள் சில நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழன்று, ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு ரேடியோத் துடிப்பை, கடிகாரம் தோற்கும்படி ஒழுங்காக அனுப்புவன. ஈர்ப்பலை பூமியைக் கடக்குங்கால் ஒரு திசையிலிருந்து வரும் துடிப்பு சிறிது முந்தும். வேறு திசையிலிருந்து வருவது சிறிது பிந்தும். 1983-ஆம் ஆண்டு ஹெல்லிங்ஸ், டவுன்ஸ் என்னும் இருவர் இதற்குரிய அளவைக் கணித்தனர். வானில் அருகருகே உள்ள இரண்டு பல்சார்கள் சேர்ந்தே முந்தும், சேர்ந்தே பிந்தும். ஏறக்குறையச் செங்கோணத்தில் உள்ளவை ஒன்று முந்த மற்றொன்று பிந்தும். நேர் எதிர்த் திசையில் உள்ளவை மீண்டும் ஓரளவு ஒத்து நடக்கும். கடிகாரப் பிழையாலோ பூமியின் ஓட்டத்தைத் தவறாகக் கணித்ததாலோ இந்த வடிவம் தோன்றாது.

தேடிய மாறுதல் ஒரு நொடியின் கோடியில் சில பங்குகளே. அதுவும் பல ஆண்டுகளில் மெல்ல நேர்வது. ஏனெனில் இந்த அலைகள் ஒருமுறை அசையவே ஆண்டுகள் பல செல்லும். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், வட அமெரிக்கக் குழுவினர் 15 ஆண்டுகளாக 67 பல்சார்களைக் கவனித்ததன் பயனாக, அவ்வடிவத்திற்குச் சான்று கிடைத்ததென அறிவித்தனர். ஐரோப்பிய, ஆஸ்திரேலிய, சீனக் குழுவினரும் அப்பொழுதே தத்தம் முடிவுகளை வெளியிட்டனர். ஐரோப்பியரோடு நம் நாட்டுக் குழுவும் சேர்ந்திருந்தது. புனே ஜில்லாவில் கோடத் கிராமத்தருகே 45 மீட்டர் அகலமுள்ள 30 கிண்ணங்களோடு நிற்கும் ரேடியோத் தொலைநோக்கியே அவர்கள் கருவி. இம்முயற்சியின் தொடக்க காலத்தில், 1970-ஆம் ஆண்டில் நம் நீலகிரியில் நிறைவுற்ற உதகமண்டலத்துத் தொலைநோக்கியும் பயன்பட்டது. மலைச்சரிவில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அதனை உதகைக்குச் செல்வோர் பலர் காணாமலே திரும்புகின்றனர். பூந்தோட்டத்தோடு அதனையும் பார்த்து வரலாம்.

அவர்கள் கூறிய சொல் 'சான்று' என்பது. 'கண்டுபிடிப்பு' என்பது அன்று. தற்செயலாக இவ்வடிவம் தோன்றியிருக்கும் வாய்ப்பு, கணிக்கும் முறைக்கேற்ப ஆயிரத்தில் ஒன்று முதல் சுமார் 20,000-ல் ஒன்று வரை என்றனர். நமக்கு அது போதுமானதாகத் தோன்றும். பௌதிகர்கள் கண்டோம் என்று சொல்வதற்கு அது சுமார் 35 லட்சத்தில் ஒன்றாகக் குறைதல் வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. இவ்வடக்கத்திற்குக் காரணம் உண்டு. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தென்துருவத்தில் கருவி வைத்த ஒரு குழுவினர், பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் எழுந்த ஈர்ப்பலைகள் ஆதி வெப்பக் கதிர்வீச்சில் பதித்துச் சென்ற சுழல் வடிவத்தைக் கண்டோம் என்று பெருமுழக்கத்தோடு அறிவித்தனர். மறு ஆண்டிலேயே, பிளாங்க் என்னும் விண்கலத்தாரோடு சேர்ந்து சோதித்ததில், அவர்கள் கண்ட வடிவத்திற்கு நம் பால்வீதியிலுள்ள தூசியே போதிய காரணமாகும் என்று தெரிந்தது. அதனைத் தெரிவித்த அறிக்கையில் அக்குழுவினரும் கையொப்பமிட்டனர். இது அவர்களுக்குப் பெருமையே.

இங்கே ஒரு வார்த்தை. இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே, ஏடுகளில் மறைபொருளாய் உள்ளன என்று மேடைகளில் உரைக்கும் வழக்கம் நம்மிடையே பரவி வருகின்றது. முன்னோர்பால் எமக்குள்ள பக்தி எவருக்கும் குறைந்ததன்று. ஆயினும், 4 கிலோமீட்டர்க் குழாயும் 15 ஆண்டுக் குறிப்பும் இன்றி இதனை அறிய வழியில்லை. செய்யாத வேலைக்கு அவர்கள் பெயரால் கூலி கேட்பது அவர்களுக்கு இழுக்கேயாம்.

ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகத்தன என்று முன்பு கூறியதற்கும் சான்று கிடைத்துள்ளது. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் தேதி, இரண்டு நியூட்ரான் நக்ஷத்திரங்கள் மோதிய அலை வந்து முடிந்த 1.7 நொடியில், காமாக் கதிர் என்னும் ஒளிவகையும் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றாய்ப் புறப்பட்டுச் சுமார் 13 கோடி ஆண்டு வழிநடந்து, இரண்டு நொடிக்குள் வாயிலை அடைந்தன.

பெற்றோர் வினாவிற்கு எம் விடையையும் கூறிவிடுகின்றோம். ஈர்ப்பலையால் இன்றளவும் ஒரு காசு லாபம் இல்லை. 1915-ல் ஐன்ஸ்டீன் எழுதிய சூத்திரத்தாலும் அன்று லாபம் இருந்ததில்லை. இன்று நம் கைப்பேசியில் வழி காட்டும் விண்கலக் கடிகாரங்கள், அவர் கணக்கின்படி நாளொன்றுக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு திருத்தப்பெறாவிடில் வழி தவறும். ஆனால் இது நூறாண்டு கழித்து வந்த லாபம். அடுத்த ஆண்டு விடுதிக் கட்டணத்துக்கு உதவாது. ஆகையால் பௌதிகம் பயில விரும்பும் பிள்ளைகளுக்குச் சம்பளச் சலுகை வேண்டும் என்று நிர்வாகக் குழுவினரை இச்சபையறிய வேண்டுகின்றோம். வேலைக்கு இடமும் இல்லாமற் போகவில்லை. மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி ஜில்லாவின் அவுண்டா நாகநாதத்தில் 'லைகோ' நிலையம் ஒன்று அமைக்க, 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மத்திய மந்திரிசபை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு இசைவளித்தது. உலகின் இப்பக்கத்தில் ஒரு நிலையம் இருப்பின், அலை எத்திசையிலிருந்து வந்தது என்பதை நுட்பமாகக் காணலாம். ஒரு காதால் கேட்பதற்கும் இரு காதால் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது அது.

பக்கத்து அறையில் விடுதி மாணவர்கள் ஒரு மேசைமேல், சிறிய லேசர் விளக்கு ஒன்றும், ஒளியைப் பிளக்கும் கண்ணாடி ஒன்றும், முகம் பார்க்கும் வகைக் கண்ணாடித் துண்டுகள் இரண்டும் கொண்டு, மேற்கூறிய கருவியின் மாதிரி ஒன்று அமைத்துள்ளனர். சுவரில் செந்நிற வரிகள் தோன்றும். யாராவது அறையில் நடந்தாலே அவ்வரிகள் நடுங்குகின்றன. சிற்றுண்டிக்குச் செல்லுமுன் பத்துப் பத்துப் பேராக உள்ளே சென்று பார்க்கலாம். மேசையை மட்டும் தொடாதிருக்க வேண்டுகின்றனர்.